பெட்டிக்கு ஊற்றிய பீர்

நோயெமி பொத்தானை அமுக்கியதும் உள்ளே விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் பெட்டி கத்த ஆரம்பித்தது. பீங், பீங், பீங். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் பீங், பீங், பீங். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கலிஸ்தோ அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு ஷூ காலிலும் ஒரு ஷூ கையிலுமாக அப்படியே எழுந்து நின்றார். பெட்டியின் கழுத்தைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாகக் காகிதச் சுருள், இரண்டு பக்கமும் பலூன். எல்லாம் அவர் நேற்றுத் தன் கையாலேயே கட்டியது.

"என்னப்பா பண்ணீங்க இதை?"

"ஒண்ணும் பண்ணல கண்ணு. சல்யா பண்ணேன். எல்லாத்துக்கும் பண்ற மாதிரிதான்."

"உள்ளயா ஊத்துனீங்க?"

அவர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அவர் பெண்டாட்டி பசீலியா பதில் சொன்னாள். "உள்ளயேதான் ஊத்துனாரு. மூடியைக் கழட்டி, அபிஷேகம் பண்ற மாதிரி! வேணாம்யா வேணாம்யான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். என் பேச்சு என்னைக்கு இந்த வீட்ல எடுபட்டுச்சு?"

நேற்று கார்னிவல் செவ்வாய். அன்றைக்கு எல் ஆல்தோ ஊரில் எந்த வீடும் காய்ந்து கிடக்காது. வாசப்படி, கடை, தையல் மிஷின், லாரி, கட்டி முடிக்காத சுவர், எதெது சோறு போடுகிறதோ அதற்கெல்லாம் பீர் தெளித்து, பொட்டுப் பொட்டாக வெட்டிய காகிதப்பூ தூவி, மிட்டாய் வைத்து, பூமித்தாய்க்கு அவள் பங்கைக் கொடுத்து ஒரு கும்பிடு போட வேண்டும், அதற்குத்தான் சல்யா என்று பேர். கலிஸ்தோ காலையிலேயே தன் மினிபஸ்ஸின் முன்மூடியைத் திறந்து என்ஜினுக்கு ஊற்றினார், நான்கு சக்கரத்துக்கும் ஊற்றினார், சரவெடி கொளுத்தினார், பக்கத்து வீட்டுக்காரர்களோடு தானும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்குள் வந்தபோது பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. மகளுடைய கம்ப்யூட்டர் மூலையில் தன்பாட்டுக்கு நின்றது. ஐயோ பாவம், இதை மட்டும் விட்டுவிட்டோமே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. இதுதானே நாளைக்குப் பிள்ளையை விவசாய என்ஜினியர் ஆக்கப் போகிறது! வெறுமனே வெளியில் தெளித்தால் போதுமா? மினிபஸ்ஸுக்கு வெளியிலா தெளிக்கிறோம், என்ஜினுக்குத்தானே. மனுஷர் அவ்வளவு முட்டாளும் இல்லை, முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பக்கத் தகட்டின் திருகாணிக்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே கழன்றது. வலது கையால் பீர், இடது கையால் காகிதப்பூ. "என் பொண்ணு பாஸாகணும், அம்மா" என்று வாய்விட்டே சொன்னார்.

இப்போது அந்த அம்மா பீங் பீங் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நோயெமி ஒருரோ ஊரில் நான்கு நாள் கார்னிவல் ஆடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முகத்தில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. அவள் தந்தையை நிமிர்ந்து பார்த்த அந்த முதல் நொடியில், அவள் நெற்றிச் சுருக்கமெல்லாம் விட்டுப்போய், பாரம் இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு முகம் வந்து போனது. அப்பனைத் திட்ட மனசில்லாமல் பிள்ளை அடக்கிக்கொள்கிறாள் என்று கலிஸ்தோ நினைத்தார், அதற்கே அவர் கண் கலங்கியது. அடுத்த நொடி அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"எல்லாம் போச்சுப்பா. வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளிக்கிழமை என் ஆராய்ச்சியைப் பத்தி நான் புரொபசருங்க முன்னால நின்னு பேசணும். இனி என்னத்தைப் பேசறது?"

"வேற எங்கயும் வைக்கலயாம்மா? அந்தச் சின்னக் குச்சி மாதிரி ஒண்ணு..."

"பென் டிரைவ் ஒருரோ கூட்டத்துல தொலைஞ்சு போச்சு."

"ரிப்பேருக்குக் கொண்டு போறேன் கண்ணு. இப்பவே போறேன்."

"வேணாம்!" என்றாள் அவள், கொஞ்சம் சத்தமாகவே. "பீர் உள்ள போனா அவ்வளவுதான். யார்கிட்ட கொண்டுபோனாலும் சிரிப்பாங்க. விடுங்க. நான் யூனிவர்சிட்டில சொல்லிக்கறேன்."

கினோவா என்ற தானியப் பயிரில் விழும் ஒரு புழுவைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. அதற்கு மேல் கலிஸ்தோவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் புழுவைப் பற்றி அவர் மினிபஸ்ஸில் ஏறாத ஆளிடம்கூடச் சொல்லியிருந்தார். முன் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் லா பாஸ் நகரத்துக்குப் போகும் இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே, "என் பொண்ணு ஒரு புழுவை வச்சுப் பெரிய ஆராய்ச்சி பண்றா, தெரியுமா?" என்று தொடங்கிவிடுவார். சங்கத்து டிரைவர்கள் அவளுக்குப் 'புழு டாக்டர்' என்றே பேர் வைத்திருந்தார்கள். பட்டம் வாங்கும் விருந்துக்கு ஏற்பாடெல்லாம் ஆகியிருந்தது. ஆளுக்கொரு செலவை ஏற்றுக்கொள்ள, மோதிரத்துக்கு ஒரு ஞானத்தாய், கேக்குக்கு ஒருத்தர், பாண்டு வாத்தியத்துக்கு ஒருத்தர் என்று ஆள் பிடித்தாயிற்று. மோதிரத்தை ஏற்றுக்கொண்டவள் துணிக்கடைக்காரி கிரெகோரியா. ஞானஸ்நானத்திலிருந்து நோயெமிக்கு அவள்தான் எல்லாம். கல் பதித்து மோதிரம் செய்து பெட்டியில் வைத்துவிட்டாள், மண்டபமும் பேசிவிட்டாள்.

விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? பசீலியா ரொட்டிக்காரியிடம் சொன்னாள், ரொட்டிக்காரி தெருவுக்கே சொன்னாள். வியாழக்கிழமை நிறுத்தத்தில் டிரைவர்கள் கலிஸ்தோவைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன அண்ணே, கம்ப்யூட்டருக்குப் போதை தெளிஞ்சுதா?" "தொட்டுக்க ஏதாவது குடுத்தீங்களா, வெறும் வயித்துலயா ஊத்துனீங்க?" மற்ற நாளாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் காசை எண்ணாமலே பைக்குள் போட்டார். சோறு இறங்கவில்லை. பிள்ளையின் உழைப்பை ஒரு பாட்டிலால் கழுவி விட்ட அப்பன் என்று தன்னைத்தானே ஓயாமல் திட்டிக்கொண்டார். மகளோ அவரைத் திட்டவே இல்லை. அதுதான் அவரை இன்னும் கொன்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரெகோரியா சாப்பிட வருவதாக இருந்தது. காலையில் நோயெமி அம்மாவோடு கறி வாங்கச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கலிஸ்தோ பெட்டியைக் கம்பளியில் சுற்றி மினிபஸ்ஸின் முன் சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு, திருடன் மாதிரிக் கிளம்பினார்.

ஞாயிற்றுச் சந்தையில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் வரிசையில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே யானெத் என்ற பெண் ரிப்பேர் கடை போட்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். வாயில் கறி அடைத்த சால்தேன்யா ரொட்டி பாதி, கையில் மீதி. பெட்டியின் கழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த காகிதச் சுருளைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"வாங்க மாமா. இந்த வாரத்துல நீங்க மூணாவது. போன வருஷம் ஒருத்தர் பிரிண்டருக்குள்ள மிட்டாய் போட்டுட்டாரு. எறும்பு பிரிண்ட் ஆகி வந்துச்சு."

"பொழைக்குமாம்மா?"

"இருங்க, வயித்தைத் தொறந்து பாப்போம்."

தகட்டைக் கழற்றினாள். புளித்த வாடை குப்பென்று வந்தது. கலிஸ்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டார், தன் மகளையே மேஜையில் கிடத்தியிருப்பது போல இருந்தது அவருக்கு. யானெத் டார்ச் அடித்துப் பார்த்தாள், தூரிகையால் காகிதப்பூவைக் கூட்டினாள், ஸ்பிரிட் தொட்டு அங்கங்கே துடைத்தாள். "உங்க குறி சரியில்ல மாமா. பீர் பூரா அடித் தகட்டுல கிடக்கு. போர்டு மேல நாலு சொட்டுதான். அதுவும் காஞ்சு போச்சு" என்றாள். கரண்ட் கொடுத்துப் பொத்தானை அமுக்கினாள். பீங், பீங், பீங். கலிஸ்தோ காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் பயப்படறீங்க? செத்தது கத்தாது. இது எதையோ கேக்குது. இந்தப் போர்டு மூணு தடவை கத்துனா ரேம் இல்லன்னு அர்த்தம்."

"ரேம்னா?"

"இம்மாம் நீளத்துக்கு ஒரு பட்டை. அது இல்லாம இதுக்குக் காலைல கண்ணே முழிக்க முடியாது." டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். சால்தேன்யாவைக் கீழே வைத்தாள். "அதானே பார்த்தேன். ரேமே இல்லையே. ரெண்டு பள்ளமும் காலியால்ல கிடக்கு. யார் கழட்டுனது?"

"யாரும் கழட்டல. நான் பீர்தான் ஊத்துனேன்."

"பீர் ஊத்துனா ரேம் கரைஞ்சா போகும்?" அவள் ஒரு சின்ன இடுக்கியை எடுத்து, அந்த ஒடுங்கிய பள்ளத்துக்குள் விட்டு, அடியிலிருந்து எதையோ பிடித்து இழுத்தாள். பொட்டளவு ரோஸ் காகிதம். இன்னொன்று, பச்சை. அவற்றைத் தன் உள்ளங்கையில் வைத்து அவருக்குக் காட்டினாள். "இது நீங்க தூவுனதுதானே? பட்டை இங்க இருந்திருந்தா இது அடி வரைக்கும் எப்படி விழும்? பல்லு இருக்கற இடத்துல சோத்துப் பருக்கை போய் உக்காருமா? நீங்க சல்யா பண்றதுக்கு முன்னாலயே யாரோ உருவிட்டாங்க மாமா."

கலிஸ்தோவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. திருடன் என்று நினைத்தார், வாய்விட்டும் சொன்னார். "திருடன்னா பெட்டியோட தூக்கிட்டுப் போவான், உக்காந்து அழகா கிளிப்பை நீக்கிக் கழட்டிட்டு மூடி வச்சுட்டாப் போவான்?" என்றாள் யானெத். அப்போதுதான் அவருக்கு விரலாலேயே கழன்ற அந்தத் திருகாணி ஞாபகம் வந்தது. பிறகு வேண்டாம் என்று மகள் போட்ட அந்தச் சத்தம். பாரம் இறங்கிய அந்த முகம். ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. தலைக்கு மேல் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது, அவருக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. யானெத்தின் வாய் அசைவது தெரிந்தது, அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை.

"மாமா! ஒரு பழைய பட்டை போட்டுப் பாக்கவான்னு கேட்டேன்."

"போடு."

போட்டாள். இந்தத் தடவை ஒரே ஒரு சின்ன பீங். திரை விழித்துக்கொண்டது. நோயெமி சின்ன வயசில் முன்பல் இல்லாமல் சிரிக்கிற படம் வந்து நின்றது. "உங்க பொண்ணா? அழகா இருக்கா" என்றாள் யானெத். அதில் ஒரு புழு இருக்கும், அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் கலிஸ்தோ. சொல்லும்போதே அவர் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது. யானெத் தேடினாள். பாட்டு இருந்தது, ஆட்டம் ஆடுகிற வீடியோ இருந்தது. புழு என்று ஒன்றே ஒன்று அகப்பட்டது. முகப்புப் பக்கம். மேலே தலைப்பு, நடுவில் நோயெமியின் பெயர், கீழே ஊர். அவ்வளவுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தொட்டது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

"வேற எங்கயாச்சும் வச்சிருப்பாங்க மாமா" என்றாள் யானெத், சிரிப்பெல்லாம் போய்.

"இருக்கும்" என்றார் அவர்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் தன் மினிபஸ்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் அதையே தாண்டி இரண்டு தடவை போனார். பலூன் கட்டி, காகிதம் சுற்றி, ஊருக்கே தெரிகிற மாதிரிதான் அது நின்றிருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகும் சாவியைப் போடக் கை வரவில்லை. இரண்டு வருஷமாக அவர் தினமும் காலையில் யூனிவர்சிட்டி வாசலில் அவளை இறக்கிவிட்டிருக்கிறார். உள்ளே போகும்வரை நின்று பார்ப்பார். நிக்காதீங்கப்பா, பின்னால ஹாரன் அடிக்கறாங்க என்பாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பக்கம் போனாள்? சாயங்காலம் வரை எங்கே உட்கார்ந்திருந்தாள், என்ன சாப்பிட்டாள்? அவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அஞ்சு நாளாகத் தெருவே அப்பனைக் காறித் துப்பியது, அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று மட்டும் ஒரு தடவை தோன்றியது. என் பிள்ளையா? சத்தமாகவே கேட்டார். ஜன்னலுக்கு வெளியே உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கிரெகோரியா ஏற்கெனவே வந்து மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாவாடை இரண்டு நாற்காலியை அடைத்துக்கொண்டிருந்தது, தொப்பியைக் கழற்றவில்லை. நோயெமி ஆட்டுக்கறியும் பீச் பழமும் போட்ட கார்னிவல் குழம்பை அவளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கையில் பெட்டியைப் பார்த்ததும் அவள் கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. குழம்பு மேஜை விரிப்பில் சொட்டியது.

"எங்கய்யா போயிருந்தே? ரிப்பேருக்கா?" என்றாள் கிரெகோரியா. "ஓடுதா? ஓடுதுன்னு சொல்லு, என் வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கும்."

கலிஸ்தோ பெட்டியை மூலையில் இருந்த அதன் மேஜையில் வைத்து, முதுகை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு ஒயர்களைச் சொருகினார். கரண்ட் ஒயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டால் முன்னால் எத்தனை தடவை அமுக்கினாலும் பெட்டி கம்மென்று கிடக்கும். கட்டை விரலால் அதை அணைத்தார். அப்புறம் முன்னால் வந்து பொத்தானை அமுக்கினார். விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, ஒரு கத்தல்கூட இல்லை.

"செத்துப் போச்சு அக்கா" என்றார். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்."

கிரெகோரியா பிடித்துக்கொண்டாள். "மாடு! மாடுகூட இப்படிப் பண்ணாதுய்யா! பிள்ளை கண்ணு பூத்துப் போகற வரைக்கும் உக்காந்து எழுதினதை, குடிச்சுப்புட்டு வந்து கழுவி ஊத்திட்டியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா? மண்டபத்துக்காரன்கிட்ட என்ன சொல்லுவேன்? பாண்டுக்காரன்கிட்ட என்ன சொல்லுவேன்?"

"என் புத்திதான் அக்கா."

"புத்தியாம் புத்தி! இருந்தால்ல?"

"நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அக்கா" என்றாள் பசீலியா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சரி, அழாதே. நாளைக்கு நானே யூனிவர்சிட்டிக்கு வர்றேன். இந்த ஆளையும் இழுத்துட்டு வர்றேன். பிள்ளை மேல தப்பில்ல சார், அப்பன்தான் முட்டாப்பயன்னு அவங்க முன்னாலயே இவனைச் சொல்ல வைக்கறேன். சொல்லுவேல்ல?"

"சொல்றேன் அக்கா."

நோயெமி கரண்டியைக் கீழே வைத்தாள். சும்மா கிடந்த அந்தப் பெட்டியையும் அப்பாவின் கட்டை விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். புதன்கிழமை அது கத்தியது. கத்தினது இப்போது ஏன் கத்தவில்லை? அவள் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்தது. மேஜையைச் சுற்றி வந்து, அவரைத் தாண்டிக் கையை நீட்டி, பெட்டிக்குப் பின்னால் தடவினாள்.

"வேணாம் கண்ணு" என்றார் கலிஸ்தோ, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நான் பாத்துக்கறேன். நீ போய்ச் சாப்பிடு."

டிக் என்றது சுவிட்ச். அவள் முன்பக்கம் வந்து பொத்தானை அமுக்கினாள். விசிறி சீறிக்கொண்டு கிளம்பியது. ஒரே ஒரு பீங். திரை வெளிச்சமானது.

"அடியாத்தீ!" என்று கிரெகோரியா கையைத் தட்டினாள். கண்ணாடி டம்ளரை எடுத்து பூமித்தாய்க்கு இரண்டு சொட்டு பீரைத் தரையில் விட்டாள். "உசுரு இருக்குடி பசீலியா! பாத்தியா, அவ யாரையும் கைவிட மாட்டா. தொற கண்ணு, தொற. அந்தப் புழு இருக்கான்னு பாரு."

நோயெமி நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்து நகர்த்தினாள். "அப்பா மேல தப்பில்ல, கிரெகோரியாம்மா" என்றாள். சந்தோஷத்தில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த முகப்புப் பக்கம் திரையில் வந்தது. பசீலியா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கிரெகோரியா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நோயெமியின் தோள் மேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, தலைப்பை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். நோயெமியின் பெயர் வந்ததும் நிறுத்தி, அதை இன்னொரு தடவை வாசித்தாள். கலிஸ்தோ சுவரில் சாய்ந்து நின்றார்.

"எவ்வளவு அழகா போட்டிருக்கா பாரு" என்றாள் கிரெகோரியா. "சரி, அடுத்த பக்கத்தைப் போடு கண்ணு."

நோயெமி விரலை எடுத்து விசையின் மேல் வைத்து அமுக்கினாள். பக்கம் நகரவில்லை. அவள் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.